தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ஃபில்ஸ்

இரவு ஒரு மணிக்குக் கடை மூடிய பிறகு
விலைச்சீட்டு மாற்றுவது என் வேலை.
ஃபர்வானியா, இரண்டாம் தளம், பால்பொருள் வரிசை.
எதிர்க்கடைக்காரன் லபனை நூற்றைம்பது ஃபில்ஸுக்கு இறக்கினால்
நாங்கள் நூற்று நாற்பத்தைந்து.
அவன் ஒரு வாளி இலவசம் என்றால்
நாங்கள் வாளிக்குள் ஒரு சோப்பு.
புதன்கிழமை ஏற்றிவைத்த விலையை
வியாழக்கிழமை சிவப்புக் கோட்டால் அடிப்போம்.
அடித்த கோட்டுக்குத்தான் கூட்டம்.

அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தால்
அங்கேயும் இரண்டு கடை.

பழைய கடை, நான் குவைத் வந்த வருஷத்துப் பழக்கம்.
ஒரு விளையாட்டை ஆசைப்பட்டியலில் போட்டுவிட்டு
கோடைத் தள்ளுபடிவரை பத்து மாதம்
பார்த்துக்கொண்டே இருக்கப் பழக்கிய கடை.
புதுக் கடைக்குப் பொறுமை கிடையாது.
திறப்பு விழாவில் சர்பத் ஊற்றும் முதலாளி மாதிரி
வாராவாரம் ஒன்றைச் சும்மா தருகிறது.
நூற்று எண்பத்து மூன்று சேர்ந்துவிட்டது.
மூன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன்.
மற்றவற்றை இந்தக் கணினி தாங்காது;
அதன் விசிறி இரைந்தால்
கீழ்ப்படுக்கை குர்விந்தர்
ஏசி போய்விட்டதோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கப்பல் விளையாட்டை மட்டும் காசு கொடுத்து வாங்கினேன்,
பழைய கடையில்.
இருவர் ஆடவேண்டியது அது:
ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் தண்ணீர் இறைக்க.
மஹ்பூலாவில் கார் வாடகைக் கடையில் இருக்கும் தவசீலன்
அதே நாள் அதையே வாங்கினான்,
இரண்டு தினார் குறைவு என்று, புதுக் கடையில்.
ஒரே கப்பல், ஒரே புயல், ஒரே திமிங்கிலம்.
அவன் கடைக்குள்ளிருந்து என் கடைக்கு
கடல் கிடையாதாம்.

"நீ இங்க வா."
"நீ வாயேன்."
இரண்டு மாதம் இப்படியே போனது.

பழைய கடை நூற்றுக்கு முப்பது எடுக்கிறது, அநியாயம் என்பான்.
கண் மட்டத்து அலமாரிக்கு
எங்கள் கடை வாங்கும் வாடகை தெரிந்தால்
அவன் பிஸ்கட்டே தின்னமாட்டான்.

வாங்கும் பொத்தானுக்கு மேல் இப்போது ஒரு வரி வந்திருக்கிறது:
நீங்கள் பெறுவது விளையாட்டை அல்ல,
விளையாடும் அனுமதியை.
எப்போதும் திரும்பப் பெறப்படலாம்.
அவன் கொதித்தான். நான் கொட்டாவி விட்டேன்.
பதினோரு வருஷமாய்ப் பர்ஸில் கிடக்கும் பத்தாக்கா அட்டையும்
இதைத்தானே சொல்கிறது,
இவ்வளவு பெரிய எழுத்தில் இல்லாவிட்டாலும்.

போன வெள்ளிக்கிழமை பழைய கடை
கப்பலைத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ஃபில்ஸுக்கு இறக்கியது.
சிவப்புக் கோடு.
எனக்குத் தெரியாத கோடா?
இருந்தும் ஒன்று வாங்கி
பரிசு என்று தவசீலனுக்கு அனுப்பினேன்.

அவன் பேச அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான்.
"காசத் திருப்பி எடு மச்சான்.
இதில எனக்கு நூற்றிப் பத்து மணித்தியாலம் கிடக்கு.
பாய் நான் தைச்சது. மணி நான் கட்டினது.
இந்தக் கப்பல விட்டிட்டு
உன்ர கடையில நான் ஆர்?"

திருப்பி எடுத்தேன்.
அதற்கு ஒரு படிவம், ஒரு காரணம் கேட்டார்கள்.
'தவறுதலாக வாங்கியது' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்;
இருந்ததில் அதுதான் கிட்ட வந்தது.

இன்று விடுமுறை.
போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்திருக்கிறேன்.
அவன் கப்பலை அவன் அவிழ்க்கிறான், என்னுடையதை நான்.
"இடப்பக்கம் புயல்" என்கிறான்.
என் வானம் வெறிச்சென்று கிடக்கிறது; திருப்புகிறேன்.
"தண்ணி ஏறுது, இறை, இறை."
என் கப்பலில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
இறைக்கிறேன்.